சதுக்கத்தில் நிரந்தர மேடை கட்டலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். பினாங்கு ஜார்ஜ் டவுன் நகர மையத்தில், பழைய கடைவீடுகள் மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு சிறிய சதுக்கத்தில் எங்கள் மளிகைக் கடை இருக்கிறது. சதுக்கத்தின் மேற்கு ஓரத்தில், கூரையும் பின்சுவரும் கொண்ட நிரந்தரத் திறந்தவெளி மேடை ஒன்றைக் கட்டலாம் என்று வரைபடம் தயாராகியிருக்கிறது. கடைக்காரர்கள், குடியிருப்போர், இரண்டு கலைக்குழுக்கள் ஆகியோர் சேர்ந்த எங்கள் குழு அடுத்த மாதம் மாநகர் மன்றத்திடம் தன் கருத்தைத் தெரிவிக்க வேண்டும். மண்டப வாடகை கட்டுப்படியாகாமல் நம் பிள்ளைகள் மேடையேற வழியின்றி நிற்கிறார்கள் என்று கலைக்குழுக்கள் சொல்கின்றன. கடைக்காரர்களில் பாதிப் பேர் கூட்டம் வந்தால் வியாபாரம் பெருகும் என்கிறார்கள். மீதிப் பேர் சரக்கு இறக்க லோரி நிறுத்தவே இடமிருக்காது என்கிறார்கள். குழுவின் செயலாளர் என்ற முறையில் எதை வைத்து இதை முடிவு செய்வது என்று எனக்கு விளங்கவில்லை. வரைபட நகலையும் இணைத்துள்ளேன்.
— கடைக்காரர், ஜார்ஜ் டவுன்

பதில்: உங்கள் கடிதம் வந்ததும் வரைபட நகலை எடுத்துக்கொண்டு மூன்று மாலைகள் அந்தச் சதுக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன், அவற்றில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வரைபடத்தில் இருக்கும் மேடையைக் கட்ட வேண்டாம். கலைக்குழுக்களின் குறை உண்மையானது, அதைத் தீர்த்தே ஆக வேண்டும். அதற்குச் சதுக்கத்தை நிகழ்ச்சி நடத்தத் தோதான தரையாகச் செய்து தரும்படி கேளுங்கள், மேடையை வேண்டிய நாளில் போட்டு மறுநாள் எடுத்துவிடுங்கள். ஓராண்டு இப்படி நடத்திப் பார்த்த பிறகும் நிரந்தர மேடை வேண்டும் என்று பொதுவாக எல்லாரும் சொன்னால் அப்போது கட்டிக்கொள்ளலாம்.

முடிவுக்கு அடிப்படையாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஆண்டில் எத்தனை இரவுகள் அந்த மேடையில் நிகழ்ச்சி நடக்கும் என்பதை. பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தேசிய தினம், தீபாவளி, பள்ளி விடுமுறையில் சலங்கை பூஜை, இரண்டொரு நாடகம், அண்டையிலுள்ள சீன, மலாய் அன்பர்களின் விழாக்கள் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் முப்பது இரவுகளைத் தாண்டுவது கடினம். அப்படியானால் 335 நாட்கள் அது ஆளில்லாத ஒரு கட்டடம். அந்த 335 நாட்களில் சதுக்கம் யாருக்குப் பயன்படுகிறது என்பதை உங்கள் குழுவில் உள்ளவர்கள் தினமும் பார்க்கிறீர்கள். தினமும் பார்ப்பதாலேயே அது விவாதத்துக்கு வராமல் போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் பார்த்ததை எழுதுகிறேன். மாலை ஐந்தரை மணிக்கு மேற்கு ஓரத்தில் உள்ள இரண்டு தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் மூன்று பெரியவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். நிழல் நகர நகர நாற்காலிகளையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஆறேகால் மணிக்கு ஓர் அம்மாள் இடியாப்பக் கூடையை, கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியின் படியில் இறக்கினார். உணவுக் கடைகளின் சமையல்காரர்கள் பின்வாசல் வழியாக வந்து, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பத்து நிமிடம் காற்று வாங்கிவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்கள் நாற்பது பேருக்குக் குறையாமல் அங்கே நின்று வீட்டாருடன் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். வரைபடத்தில் மேடை நிற்கும் இடம் அந்த மர நிழல்தான். இரண்டு மரங்களில் ஒன்று அதில் காணப்படவே இல்லை. மேடையின் பின்சுவருக்கும் கடைவீட்டின் பக்கச் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் நுழையும் அகலத்தில் ஒரு சந்து உருவாகிறது. வெளிச்சம் விழாத அத்தகைய சந்து ஆறே மாதத்தில் என்னவாகும் என்பதை நகரத்தில் கடை வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திசையும் தவறாக இருக்கிறது. மேடை மேற்கே இருந்தால் பார்வையாளர்கள் மேற்கு நோக்கி உட்கார வேண்டும். நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்வதால் ஆண்டின் எந்த மாதத்திலும் சூரியன் நேர் மேற்கிலிருந்து அதிகம் விலகி மறைவதில்லை. பினாங்கில் அது மறையும் நேரமும் ஏறத்தாழ ஏழு மணிக்கும் ஏழு நாற்பதுக்கும் இடையில்தான். பள்ளிப் பிள்ளைகளின் நிகழ்ச்சி ஐந்து மணிக்குத் தொடங்கினால், முன்வரிசையில் இருக்கும் தாத்தா பாட்டிகள் இரண்டு மணி நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஆடும் குழந்தையின் முகம் அவர்களுக்குக் கருநிழலாகவே தெரியும். மேடை தற்காலிகமானதாக இருந்தால் வடக்கிலோ தெற்கிலோ போட்டுக்கொள்ளலாம். நிரந்தரமாகக் கட்டினால் இந்தத் தவறை ஐம்பது ஆண்டுகள் சுமக்க வேண்டும்.

கூரை இருந்தால் மழையைப் பற்றிக் கவலையில்லை என்று குழுவில் ஒருவர் கூறியதாக எழுதியிருக்கிறீர்கள். பத்து மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமும் கொண்ட கூரையின் மேல் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,000 லிட்டர் நீர் சதுக்கத்தில் ஒரே பக்கமாக வந்து விழும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அத்தகைய மழை இங்கே அபூர்வமில்லை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மூழ்கிக் கிடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கடலை ஒட்டிய பழைய நகரில் அலையேற்ற நேரத்தில் சாக்கடை நீர் வடிவதே சிரமம். கூரை ஆடுபவர்களைக் காக்கும், பார்க்க வந்தவர்கள் நனைவார்கள். அவர்கள் அஞ்சடிக்கு ஓடிய பிறகு யாருக்காக ஆடுவது? அதிகாலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சுமத்ராக் காற்று, உயரமான மெல்லிய கூரையைத் தூக்கிப் பார்க்கும் வல்லமையுடையது. அதைத் தாங்க ஆழமான அஸ்திவாரம் வேண்டும், அஸ்திவாரம் தோண்டினால் மரத்தின் வேர் அறுபடும்.

அத்துடன், தோண்டுவது இங்கே சாதாரண காரியமும் இல்லை. 2008 ஜூலை 7-ஆம் தேதி மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் மையப் பகுதி 109.38 ஹெக்டர், காப்புப் பகுதி 150.04 ஹெக்டர். உங்கள் சதுக்கம் மையப் பகுதிக்குள் வருகிறது. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் திட்ட அனுமதி பெற வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தோண்டும்வரை தெரியாது. சியா போய் என்ற பழைய சந்தைப் பகுதியில் அப்படித்தான் பழைய பிராங்கின் கால்வாயின் கட்டுமானம் வெளிப்பட்டு, அந்த இடம் 2019-இல் தொல்லியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

நிரந்தர மேடை எங்கும் சரிப்படாது என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. உங்கள் கடையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள கூ கொங்சியைக் குழுவினர் அனைவரும் ஒருமுறை சென்று பாருங்கள். 1901-இல் தீக்கிரையாகி, 1906-இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்ட அந்த வம்சக் கோயிலுக்கு நேர் எதிரே, கருங்கல் பாவிய முற்றத்தின் மறுபக்கத்தில், சீன நாடகத்துக்கென்றே ஒரு மேடை இருக்கிறது. தெய்வம் பார்ப்பதற்காக ஆடும் மேடை அது. மனிதர்கள் நடுவில் நின்று பார்த்துக்கொள்கிறார்கள். சுற்றிலும் கூ வம்சத்தாரின் வீடுகள் மதில்போல் நிற்பதால் ஒலி தெருவுக்குப் போவதில்லை. எந்த நாளில் எது நடக்கும் என்பதை வழிபாடே வகுத்துவிடுகிறது. கூரையில் ஓடு நகர்ந்தால் மாற்றவும் தரையைக் கழுவவும் பொறுப்பான ஓர் அமைப்பு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இவற்றில் எது உங்கள் சதுக்கத்துக்கு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். பராமரிப்பு யாருடைய பொறுப்பு என்ற கட்டம் உங்கள் வரைபடத்தில் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. என்னை அதிகம் கவலைக்குள்ளாக்கியது அந்தக் கட்டம்தான்.

வேண்டிய நாளில் மேடை போட்டு, முடிந்ததும் பிரித்துவிடுவது இந்த ஊருக்குப் பழகிய வேலை. சீனர்களின் ஏழாம் மாதத்தில் பசித்த ஆவிகளுக்கான போர் தோர் விழாவுக்காகச் சந்தைகளின் முன்னாலும் தெருமுனைகளிலும் எழும் மேடைகள், விழா முடிந்ததும் இருந்த இடம் தெரியாமல் மறைகின்றன. தைப்பூசத்துக்கு முதல்நாள் லெபோ பினாங் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும் வேளையில், வழிநெடுக நிற்கும் தண்ணீர்ப் பந்தல்களைச் சில நாட்கள் கழித்துத் தேடினால் காண முடியாது. இரும்புச் சட்டமும் பலகையும் கொண்டு ஒரு நாளில் மேடை போடத் தெரிந்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தடையாக இருப்பதை நீக்கும்படி மாநகர் மன்றத்திடம் கேளுங்கள்.

மும்முனை மின் இணைப்புடன் பூட்டு வைத்த ஒரு பெட்டி இருந்தால் ஜெனரேட்டரின் இரைச்சலும் டீசல் நாற்றமும் ஒழியும், வாடகையும் மிச்சமாகும். பந்தல் கால்களையும் மேடைச் சட்டத்தையும் பிணைக்கத் தரையில் மூடியிட்ட இரும்புக் குழிகள், தரையைக் கழுவ ஒரு தண்ணீர்க் குழாய், வடக்கு ஓரத்தில் நல்ல வடிகால், இவை தவிர அந்த ஓரத்தில் 45 சென்டிமீட்டர் உயரத்தில் நீளமான ஒரு கல் திண்ணை. திண்ணை என்றால் எல்லாருக்கும் விளங்கும். சாதாரண நாட்களில் அது உட்காரும் இடம். நிகழ்ச்சி நாளில் அதன்மேல் இன்னொரு 45 சென்டிமீட்டர் பலகை மேடையை ஏற்றினால், நாற்காலியில் பின்வரிசையில் இருப்பவருக்கும் ஆடுபவரின் பாதம் தெரியும். இது எல்லாம் சேர்ந்தாலும் ஆழமான அஸ்திவாரம் தேவைப்படாது, மரங்களும் தப்பிக்கும்.

அடுத்து, நாட்களைப் பங்கிடும் உரிமை. நிரந்தர மேடை வந்த பிறகு அதற்கு வாடகை, முன்பணம், காப்புறுதி என்று வரும். அந்தத் தொகையை முதலில் கட்டக்கூடியது கைப்பேசி விற்கும் நிறுவனமா, பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சலங்கை பூஜை நடத்தும் ஆசிரியையா? உங்கள் குழு எந்த முடிவுக்கு வந்தாலும், ஆண்டின் குறிப்பிட்ட இரவுகள் உள்ளூர்க் கலைக்குழுக்களுக்கும் பள்ளிகளுக்கும் கட்டணமின்றி ஒதுக்கப்படும் என்பதை எழுத்தில் பெறுங்கள். இதைப் பெறாமல் கையெழுத்திட்டால், மேடை கேட்டுப் போராடியவர்களே அதில் ஏற முடியாமல் போகும்.

வியாபாரத்தைப் பொறுத்தவரை இரு தரப்புமே ஊகத்தில் பேசுகின்றன. ஓராண்டுச் சோதனையில் நிகழ்ச்சி நடந்த இரவின் விற்பனையையும் நடக்காத இரவின் விற்பனையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். லோரிகள் காலையில் வருபவை, மேடை மாலையில் நடப்பது. தற்காலிக மேடைக்கு இந்தத் தகராறே எழாது.

கேள்வி: சிமெண்டு மேடையில் பரதநாட்டியம் ஆடக் கூடாது என்கிறார்களே, அது உண்மையா? திறந்தவெளியில் மாணவிகளை ஆட வைப்பதற்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்?
— நடன ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: உண்மைதான், அம்மா. தட்டடவை ஒரு வகுப்பில் எத்தனை நூறு தடவை தட்டுகிறார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள். சிமெண்டு துளியும் நெகிழாது. தட்டின் அதிர்ச்சி முழுவதும் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் முதுகுக்கும் திரும்புகிறது. குறுக்குச் சட்டங்களின் மேல் தடித்த ஒட்டுப்பலகையை அடித்து, இடையில் வெற்றிடம் விட்டால் தரை சற்று நெகிழ்ந்து கொடுக்கும், சலங்கையின் ஒலியும் கணீரென்று எழும். பலகைகள் சேரும் இடங்களை ஒட்டுநாடாவால் மூடி, ஆணித் தலைகளை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்.

சூட்டைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், புதிதாகத் திறந்த ஒரு சிமெண்டு மேடையில் நிகழ்ச்சி ஏற்பாட்டுக்கு உதவியாக இருந்தேன். ஒத்திகை மாலை நான்கு மணிக்கு. முதலில் ஏறிய ஒன்பது வயதுச் சிறுமி அரைமண்டியில் நின்று நான்கைந்து அடவு தட்டியதும் சட்டென்று குதிகால்களைத் தூக்கி விரல் நுனியில் நின்றுகொண்டாள். அழவில்லை, ஆசிரியையின் முகத்தையே பார்த்தாள். நான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். தரையிலிருந்து ஆவி எழுந்தது. சூடு தணிந்த பின், துணியால் துடைத்தும் மூலைகளில் ஈரம் நின்றதால் அடுத்து வந்த பெண் வழுக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். கல்லும் சிமெண்டும் பகலில் வாங்கிய வெயிலைச் சூரியன் சாய்ந்த பிறகும் விடுவதில்லை என்பதை அன்று நான் யோசித்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் பாதத்தில் எழுந்த கொப்புளங்கள் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. ஆகவே, பலகையை வெயில் தாழ்ந்த பிறகு விரியுங்கள். மாணவிகளை ஏற்றுவதற்கு முன் உங்கள் வெறுங்காலை ஒரு நிமிடம் அதில் ஊன்றிப் பாருங்கள். உடை மாற்ற நான்கு சுவரும் தாழ்ப்பாளும் உள்ள அறை அருகில் கிடைக்கும் என்பது உறுதியானால் மட்டுமே தேதி கொடுங்கள். லோரியின் பின்னால் சேலையைத் திரையாகக் கட்டி மாற்றிய காலம் போதும்.

கேள்வி: கடலோரத் திடலான பாடாங் கோத்தா லாமா இருக்கும்போது சிறு சதுக்கங்களில் எதற்கு மேடை?
— வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: ஆயிரக்கணக்கானோர் கூடும் விழாவுக்கு அந்தத் திடல்தான் பொருத்தம். 1880-இல் எழுந்த பழைய நகர மண்டபமும் 1903-இல் எழுந்த மாநகர் மன்றக் கட்டடமும் ஒரு பக்கம், கடல் மறுபக்கம் என்று இடம் அழகானது. ஆனால் 150 பேர் வரும் வீணைக் கச்சேரியை அங்கே வைத்தால் கடற்காற்று ஒலியை அள்ளிக்கொண்டு போய்விடும். சுவர்கள் நெருங்கி நிற்கும் சதுக்கத்தில் சிறு ஒலிபெருக்கியே போதும்.

கேள்வி: ஒரு சிறிய சதுக்கத்தை ஒட்டிய கடைவீட்டின் மேல்மாடியில் நானும் எண்பத்திரண்டு வயதான என் தாயாரும் வாடகைக்கு இருக்கிறோம். ஏற்கெனவே விழா நாட்களில் இரவு பன்னிரண்டு வரை ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. எதிர்த்துப் பேசினால் கலைக்கு விரோதி என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், லெபோ கிங் அருகில்

பதில்: நீங்கள் கலைக்கு விரோதி ஆகவே மாட்டீர்கள். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்த நீக்கம் நடைமுறைக்கு வந்தபோது, ஜார்ஜ் டவுனின் மாடிகளில் தலைமுறைகளாக இருந்த எத்தனையோ குடும்பங்கள் வெளியேறின. அதற்குப் பிறகும் தங்கியிருக்கிற உங்களைப் போன்றவர்களால்தான் அந்தத் தெரு இரவிலும் ஊராக இருக்கிறது. மேடை அவர்களை விரட்டுமானால் அதைவிடப் பெரிய இழப்பு இந்த நகரத்துக்கு இல்லை.

திறந்தவெளியில், ஒலிபெருக்கியிலிருந்து தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். எதிரெதிராகச் சுவர்கள் நிற்கும் இடத்தில் அது அவ்வளவு குறைவதில்லை. மோதி மோதித் திரும்புகிறது. அதனால் மேடையின் இரு பக்கமும் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து முடுக்குவதற்குப் பதிலாக, பார்வையாளர்களின் ஓரமாகச் சிறியவை நான்கை வைத்து, கீழ்நோக்கிச் சாய்த்து, மெல்ல ஒலிக்கவிடக் கேளுங்கள். கண்ணாடியை அதிர வைப்பது தாழ்ந்த சுருதியின் ஒலி. அதற்கென்று தனியாக வைக்கும் பெரிய பெட்டி இத்தகைய சதுக்கத்தில் தேவையே இல்லை. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் ஒலிவாங்கி வைப்பதும் வீண். மஃரிப் தொழுகைக்கும் இஷா தொழுகைக்கும் பாங்கு ஒலிக்கும் வேளைகளில் நிகழ்ச்சியை நிறுத்தி வைப்பது இங்கே நெடுநாளைய மரியாதை. கோயிலின் சாயரட்சை பூஜைக்கும் அதே மரியாதை உண்டு. இவற்றை முன்கூட்டியே நிகழ்ச்சி நிரலில் எழுதிவிட்டால், பத்தரை மணிக்கு முடிப்பதென்ற விதியையும் அதே தாளில் எழுதலாம்.

அடுத்த நிகழ்ச்சிக்கான ஒலிச் சோதனை நாளில், ஏற்பாட்டாளரையும் ஒலியமைப்பாளரையும் உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். உங்கள் தாயாரின் அறையில், ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரு பாட்டு முடியும்வரை அவர்கள் அவருடன் உட்கார்ந்திருக்கட்டும். கீழே எந்த அளவில் குமிழை நிறுத்த வேண்டும் என்பதை அங்கிருந்தே தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள்.